நாலு மாத ஸ்பெயின்

முப்பதாயிரம் டாலர் கட்டுங்கள். உங்கள் பெண்ணை நாலு மாசம் ஸ்பெயினில் தங்கவைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, ஏற்கெனவே பேசுகிற இங்கிலீஷை இன்னும் சரளமாகப் பேசவைத்துத் திருப்பி அனுப்புகிறோம் என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தால் கட்டுவீர்களா?

சிரிக்காதீர்கள். கட்டுகிறார்கள். விளம்பர வாசகம்தான் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். 'ஸ்பானிய மொழியில் மூழ்குங்கள், ஸ்பானியக் குடும்பத்தோடு வாழுங்கள்' என்று வழவழ தாளில் அச்சடித்திருப்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்குப் பெயர் செமஸ்டர் அப்ராட். மூன்றாம் வருஷம் படிக்கிற பையனோ பெண்ணோ ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாம், கிரெடிட் கழியாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2018 அக்டோபரில் சலமான்காவுக்குப் போகும்வரை.

நியூஜெர்ஸியில் எனக்கு ஒரு நண்பர். அவர் பெண் கிழக்குக் கரையில் ஒரு தனியார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். (கல்லூரி பெயர் வேண்டாம். கேஸ் போடுகிற ஊர் அது.) பள்ளிக்கூடத்திலேயே நாலு வருஷம் ஸ்பானிஷ் எடுத்தவள். அந்த செமஸ்டரில் அவள் சலமான்காவில் இருந்தாள். நான் வேறு வேலையாக மாட்ரிட் போயிருந்தேன். "எட்டிப் பார்த்துட்டு வாங்க சார், ரெண்டரை மணி நேர பஸ்தான்" என்றார் நண்பர். போனேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட்டால் பாவம். சலமான்கா பல்கலைக்கழகம் ஆரம்பித்தது 1218-ல். நான் போனபோது எண்ணூறாவது வருஷம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஒரே மஞ்சள் கல். பக்கத்து வில்லாமயோரில் வெட்டி எடுத்த மணற்கல், சாயங்கால வெயில் பட்டால் பொன் முலாம் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பில் ஆயிரம் சிற்பங்களுக்கு நடுவே ஒரு மண்டையோடு, அதன் தலையில் ஒரு தவளை. யாரும் காட்டிக்கொடுக்காமல் தவளையைக் கண்டுபிடிப்பவன் பரீட்சையில் பாஸ் என்று நம்பிக்கை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போய் அரியர்ஸ் எழுதும் ஜாதி எங்கும் இருக்கிறது. தேவாலயக் கதவருகே ஒரு விண்வெளி வீரன் சிலை இருக்கும். பழைய காலத்துச் சிற்பிக்கு ஞானதிருஷ்டி என்று பயந்துவிட வேண்டாம், 1992-ல் பழுது பார்த்தவர்கள் செய்த குறும்பு அது.

அந்த ஊரில் வாத்தியார்கள் சும்மா வாத்தியார்களாக இருந்ததில்லை. ஃப்ரே லூயிஸ் தெ லெயோன் என்ற துறவிப் பேராசிரியரை 1572-ல் மதவிசாரணைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பைபிளின் லத்தீன் மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது என்றார், அதிலுள்ள காதல் பாட்டை ஸ்பானிஷில் எழுதினார் என்பதெல்லாம் குற்றம். நாலு வருஷத்துக்கு மேல் சிறை. விடுதலையாகி வந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் பாடத்தை ஆரம்பித்தார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதையாகவே இருந்தாலும் பிடித்திருக்கிறது. அவர் வகுப்பறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் உட்கார்ந்தது பெஞ்சு அல்ல, செதுக்காத கட்டைகள். 1936 அக்டோபர் 12-ல் இதே பல்கலைக்கழக மண்டபத்தில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, கிழட்டு ரெக்டர் மிகெல் தெ உனமுனோ பிராங்கோவின் தளபதி ஒருவர் எதிரில் எழுந்து நின்று மறுத்துப் பேசினார். அவர் அன்று சொன்ன சரியான வார்த்தைகள் எவை என்று இன்றும் வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பேசினார். பதவி போனது, அந்த டிசம்பர் 31-ல் ஆளும் போய்விட்டார்.

இந்த ஊருக்கு ஒரு இருபது வயசுப் பெண் படிக்க வந்தால் எப்படி இருக்க வேண்டும்?

அவளைப் பிளாசா மயோரில் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுச் சதுக்கம், சுற்றிலும் வளைவுகள், வளைவுகளுக்கு மேலே அரசர்கள், பெரிய மனிதர்கள் முகங்கள். பிராங்கோ முகமும் இருந்தது, 2017-ல்தான் எடுத்தார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு அமெரிக்கப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷில். அந்த வட்டத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"கிளாஸ்ல ஸ்பெயின் பசங்க எத்தனை பேர்?"

"ஒருத்தரும் இல்லை, அங்கிள். நாங்க மட்டும்தான்."

வகுப்பு நடப்பது பல்கலைக்கழகத்தில்கூட இல்லை. புரோகிராம் நடத்துகிறவர்கள் வாடகைக்கு எடுத்த மாடி. ஸ்பானிஷ் இலக்கணத்தைத் தவிர மற்றப் பாடங்கள் இங்கிலீஷில். திங்கள் முதல் வியாழன் வரைதான் வகுப்பு. ஏன்? வெள்ளிக்கிழமை விமானம் பிடிக்க வேண்டுமே! அந்த ஒன்றரை மாதத்தில் அவள் லிஸ்பன், ரோம், டப்ளின், ஆம்ஸ்டர்டாம் பார்த்திருந்தாள். "செகோவியா போனியா?" என்றேன். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம் இருக்கும் ஊர், அவள் மாட்ரிட் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழிக்குப் பெரிய சுற்றில்லை. போகவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இருபது வயசில் மலிவு விமான டிக்கெட்டைக் கண்ணில் காட்டினால் நானும் ஏறியிருப்பேன். என் கோபம் இதைப் படிப்பு என்று பெயர் வைத்து விற்பவர்கள் மேல்.

ஏன் ஸ்பானிய மாணவர்களோடு உட்காரவைப்பதில்லை என்று கேட்டால் நியாயமான காரணம் ஒன்று சொல்வார்கள். ஸ்பெயினில் முதல் செமஸ்டர் செப்டம்பரில் தொடங்கி, பரீட்சை ஜனவரியில் வரும். அமெரிக்கப் பிள்ளை கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பியாக வேண்டும், ஜனவரியில் அங்கே அடுத்த செமஸ்டர். ஆக, பரீட்சை எழுத முடியாது. நியாயமாகச் சொல்லாத காரணம் மதிப்பெண். ஸ்பெயினில் பத்துக்கு மதிப்பெண், ஐந்து எடுத்தால் பாஸ், ஒன்பது வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஊரில் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கிப் பழகிய பிள்ளையின் சராசரி சலமான்காவில் போய்ச் சரிந்தால் அப்பா அம்மா கல்லூரிக்கு போன் போடுவார்கள். அதனால் ஒரு தீவு கட்டுகிறார்கள். அமெரிக்க காலண்டர், அமெரிக்க மதிப்பெண், அமெரிக்க சகமாணவர்கள். ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஸ்பெயின்.

சரி, முழு வருஷம் அனுப்பலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். 1923-ல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டுப் பையன்களை பிரான்ஸுக்குக் கப்பல் ஏற்றியதுதான் இந்த விவகாரத்தின் தொடக்கம். அதற்குப் பெயரே 'ஜூனியர் இயர்', மூன்றாம் வருஷம் முழுசும். வருஷம் தேய்ந்து செமஸ்டர் ஆனது, செமஸ்டர் தேய்ந்து கோடை விடுமுறை ஆனது. 2018-19-ல் வெளிநாடு போன அமெரிக்க மாணவர்கள் 3,47,099 பேர். பிரிட்டன், இத்தாலிக்கு அடுத்தபடி ஸ்பெயின்தான், 33,000 பேருக்கு மேல். இந்த மூன்றரை லட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கோடையிலோ எட்டு வாரத்துக்குள்ளோ முடித்துக்கொண்டு வந்தவர்கள். முழு வருஷம் தங்கியவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அப்படிப் பார்த்தால் நண்பர் பெண் நாலு மாசம் போனதே பெரிய தபஸ்.

2005-ல் அமெரிக்காவில் லிங்கன் பெயரில் ஒரு கமிஷன் போட்டு, 2017-க்குள் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரை வெளிநாட்டில் படிக்கவைக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2016-17-ல் போனவர்கள் 3,32,000-ஐச் சற்றுத் தாண்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. தலையை எண்ண ஆரம்பித்தால் நாளை எண்ண மாட்டார்கள். 2020-ல் கோவிட் வந்து எல்லோரையும் மூட்டை கட்டி ஊருக்கு விரட்டியது. 2022-23-ல் எண்ணிக்கை மறுபடியும் 2,80,000-ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலோர் திரும்பவும் குட்டிப் பயணம்தான்.

நாளை எண்ணிய அரசாங்கம் ஒன்றே ஒன்று உண்டு. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 2004-ல் புஷ் அரசு, கியூபாவுக்குப் போகும் கல்வித் திட்டங்கள் பத்து வாரத்துக்குக் குறையக் கூடாது என்று விதி போட்டது. மாணவர்கள் நன்றாக ஸ்பானிஷ் கற்க வேண்டும் என்ற அக்கறையா? இல்லை, யாரும் போகக் கூடாது என்று! நினைத்த மாதிரியே பெரும்பாலான திட்டங்கள் இழுத்து மூடப்பட்டன. 2011-ல் ஒபாமா தளர்த்தினார். பத்து வாரம் தங்கு என்று சொன்னாலே படிப்பு படுத்துவிடுகிறது என்றால் அது எப்படிப்பட்ட படிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காசு. ஸ்பெயினில் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவன் ஒரு வருஷத்துக்குக் கட்டுவது மாகாணத்தையும் பாடத்தையும் பொறுத்துப் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் யூரோவுக்குள் அடங்கிவிடும். புரோகிராம் என்பதால் வீட்டுச் சாப்பாடு, வாத்தியார் சம்பளம், மாடி வாடகை எல்லாம் சேர்த்து அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் கட்டியது புரோகிராம் கட்டணம் அல்ல. பெண் ஸ்பெயினில் இருக்க, அவள் இல்லாத அமெரிக்கக் கல்லூரிக்கு முழு டியூஷன்! பல தனியார் கல்லூரிகளில் இதுதான் சட்டம். கல்லூரி அந்தப் பணத்தை வாங்கி, புரோகிராம்காரருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும். புரோகிராம் மலிவாக இருந்தால் மிச்சம் யாருக்கு? நேராகப் புரோகிராமில் பணம் கட்டிச் சேர்கிறேன் என்றால், "தாராளமாக, ஆனால் கிரெடிட் கிடைக்காது."

இது என் கற்பனைப் புலம்பல் இல்லை. 2007 ஆகஸ்டில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ இந்த வியாபாரத்தை விசாரிக்க ஆரம்பித்தார். புரோகிராம் நடத்தும் அமைப்புகள் கல்லூரி அதிகாரிகளுக்கு இலவச வெளிநாட்டுப் பயணம், மாணவர்களை அனுப்பினால் தள்ளுபடி என்றெல்லாம் கொடுப்பது அப்போதுதான் பத்திரிகைகளில் வெளிவந்தது. 2008 ஜனவரியில் கல்லூரிகளுக்கும் சம்மன் போனது. அதன் பிறகு நடத்தை விதிகள், வெளிப்படைத்தன்மை என்று நிறைய எழுதினார்கள். முழு டியூஷன் பழக்கம் மட்டும் பல இடங்களில் அசையாமல் இருக்கிறது.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் நீங்க, உதவித்தொகை எங்க பொண்ணோட கூடவே போச்சே? அந்தக் கல்லூரி மூலமா போனதாலதானே அது? நேரா போயிருந்தா எங்களால முடிஞ்சிருக்குமா?" என்றார். உண்மைதான். முழு டியூஷன் வாங்குகிற கல்லூரிகள் பல, உதவித்தொகையையும் அங்கேயே செல்லும்படி விடுகின்றன. வசதியில்லாத பிள்ளைகளுக்கென்று 2001 முதல் கில்மன் உதவித்தொகை என்று அரசாங்கமே தருகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கொடுக்கிற காசுக்குத் தீவை விற்காதீர்கள், கரையை விற்றுத் தொலையுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

கரை எங்கே இருந்தது தெரியுமா? அவள் தங்கிய வீட்டுச் சமையலறையில்.

எழுபது வயது விதவை. புரோகிராம் அனுப்பும் பெண்களுக்கு ஒரு அறையை விட்டு, அந்தக் காசில் பென்ஷனுக்கு முட்டுக்கொடுக்கிற அம்மாள். இரண்டாம் நாள் ராத்திரி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ராத்திரி என்றால் ஒன்பதரைக்கு மேல். அந்த நாட்டில் எட்டு மணிக்குப் பசித்தால் நீங்கள் குழந்தை அல்லது நோயாளி. நம்ம பெண் சைவம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறாள். ஸென்யோரா புரிந்துகொண்டு, மாமிசமே இல்லாத பயறு சூப் வைத்திருக்கிறார். மேலே மட்டும் கொஞ்சம் ஹமோன் துண்டுகள். ஹமோன் என்றால் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை. "அதெல்லாம் மாமிசத்திலே சேர்த்தியா?" என்று கேட்டாராம். அந்தச் சண்டையில்தான் அவளுக்கு ஸ்பானிஷ் வந்தது. சாப்பிடுகிறேன், சாப்பிட மாட்டேன், சாப்பிட்டிருப்பேன், சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று இலக்கண வாத்தியாரால் கொண்டுவர முடியாத வினைமுற்றுகளையெல்லாம் அந்தப் பன்றித் தொடை கொண்டுவந்தது. நான் பார்த்த அன்று அவர்கள் இருவரும் பேசிய வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. பிளாசாவில் பார்த்த பெண்ணா இவள்?

"இங்க மட்டும்தான் அங்கிள் ஸ்பானிஷ். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்" என்றாள்.

மீதி இருபத்துமூன்று மணி நேரத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. செய்ய முடியாததா? வெர்மான்ட்டில் மிடில்பரி கல்லூரி 1915-லிருந்து மொழிப் பள்ளி நடத்துகிறது. அங்கே சேர்கிற மாணவர்கள், கற்கும் மொழியைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இத்தனைக்கும் அது அமெரிக்காவுக்குள்ளேயே நடப்பது. வெர்மான்ட் காட்டில் முடிகிற காரியம் சலமான்காவில் முடியாதாம். 1987-ல் ஐரோப்பியர்கள் ஆரம்பித்த எராஸ்மஸ் திட்டத்தில் போகிற பையன் என்ன செய்கிறான்? அவனும் குடிக்கிறான், ஊர் சுற்றுகிறான், மற்ற எராஸ்மஸ் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு ஓட்டை இங்கிலீஷ் பேசுகிறான். எல்லாம் உண்மை. ஆனால் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே வாத்தியாரிடம் அதே பாடம் கேட்டு, அதே பரீட்சை எழுதுகிறான். ஃபெயிலும் ஆகிறான். ஃபெயில் ஆகிற உரிமையையாவது கொடுங்கள்.

இதே சலமான்காவில் 1539-ல் பிரான்சிஸ்கோ தெ விதோரியா என்ற பேராசிரியர், அமெரிக்கக் கண்டத்து மக்கள் மேல் ஸ்பெயினுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வகுப்பில் வைத்தே விசாரித்தார். ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னவற்றில் ஒன்று, ஒருவன் அடுத்தவர் நாட்டுக்குப் போகலாம், தங்கலாம், அங்கிருப்பவர்களுக்குக் கெடுதல் செய்யாதவரை. அங்கிருப்பவர்களோடு பேச வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை. போகிறவன் பேசாமலேயே திரும்புவான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். ஸ்பெயினின் மொத்த ஜனத்தொகையே ஐந்து கோடிக்குள்தான். அதாவது, அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தேடிப்போன மொழி, கல்லூரி டைனிங் ஹாலில் தட்டுக் கழுவும் இடத்தில் காலை ஆறு மணியிலிருந்து இலவசமாகப் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் நியூஜெர்ஸியில் அவளைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். அவள் சாப்பிடும் ஹாலில் தட்டு வாங்கிவைக்கும் அம்மாள் மெக்சிகோவில் பியூப்லா பக்கம். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். 'தேங்க் யூ' தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. சலமான்காவிலிருந்து திரும்பின வாரம் முதல்முறையாக ஸ்பானிஷில் பேசியிருக்கிறாள். ஸ்பெயின்காரர்கள் மட்டுமே முன்னிலைப் பன்மைக்குச் சொல்கிற 'வொசோத்ரோஸ்' போட்டு, நாக்கைப் பல்லில் வைத்து 'த்த' என்று உச்சரித்து. மெக்சிகோவில் அப்படி யாரும் பேசுவதில்லை. அந்த அம்மாள் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு சிரித்தாராம்: "என்னடி கண்ணு, ஸ்பெயின் ராஜா வீட்டிலிருந்து வர்றியா?"

அப்புறம் பழக்கமாகிவிட்டது. தினம் பத்து நிமிஷம். ஒரு நாள் அந்த அம்மாள், "அந்த ஊருக்குப் போய்ப் பேசக் கத்துக்க எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"பாதிதான் சொன்னேன், அங்கிள். அதுக்கே அவங்க கையிலிருந்த தட்டைக் கீழே வெச்சுட்டாங்க."